கணிதப் பாடத்தினூடாகக் கணிப்பீட்டுச் சிந்தனை: கணினி இல்லாத வகுப்பறைக்கும் உரிய கல்வி

கல்விச் சீர்திருத்தம் பற்றிய கலந்துரையாடல்களில் அண்மைக் காலமாக அடிக்கடி இடம்பெறும் சொற்றொடர்களுள் ஒன்று 'கணிப்பீட்டுச் சிந்தனை' என்பதாகும். ஆங்கிலத்தில் 'கொம்பியூட்டேஷனல் திங்கிங்' என வழங்கும் இச்சிந்தனை முறையை மாணவர்களிடத்தே இளவயது முதலே வளர்த்தெடுக்க வேண்டும் என்பதில் கல்வியாளர்களிடையே பெருமளவு கருத்தொற்றுமை காணப்படுகின்றது. ஆயினும், அச்சொற்றொடரில் கணினியின் சாயல் இருப்பதால், இது கணினி ஆய்வுகூடமும் இணைய இணைப்பும் உள்ள பாடசாலைகளுக்கு மாத்திரம் உரியதோர் ஏற்பாடு என்ற எண்ணம் பெற்றோர் மத்தியில் மட்டுமன்றி ஆசிரியர்கள் சிலர் மத்தியிலும் நிலவுகின்றது. கணினி கிடைக்கும் வரை காத்திருப்போம் என்று ஒரு பாடசாலை முடிவு செய்யுமானால், அங்கு பயிலும் பிள்ளைகள் பல ஆண்டுகளை இழக்க நேரிடும்.

உண்மையில் இச்சிந்தனை முறையின் பெரும்பகுதி கணிதப் பாடத்தினுள்ளேயே அடங்கியிருக்கின்றது. கரும்பலகையும் வெண்கட்டியும் பயிற்சிக் கொப்பியும் இருக்கும் எந்த வகுப்பறையிலும் அதனைக் கற்பிக்க முடியும். அதற்கு வேண்டியது கணிதத்தைக் கற்பிக்கும் முறையில் ஒரு மாற்றமாகும். முடிந்த முடிவாக ஒரு வழிமுறையை மாணவனிடம் ஒப்படைத்து அதனைப் பயிற்சி செய்யுமாறு பணிப்பதற்குப் பதிலாக, வழிமுறையை அவனே ஆக்கவும், எழுதவும், பரிசோதிக்கவும், வேறு வழிமுறைகளோடு ஒப்பிடவும் இடமளிப்பதே அம்மாற்றமாகும். இது எவ்வாறு சாத்தியமாகும் என்பதையும், பிற நாடுகளின் அனுபவம் எமக்கு உணர்த்துவது என்ன என்பதையும் இங்கு நோக்குவது பொருத்தமானதாகும்.

கணிப்பீட்டுச் சிந்தனை என்றால் என்ன?

இச்சொற்றொடரை 1980ஆம் ஆண்டில் வெளியான 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' என்ற நூலில் கணிதவியலாளரான சேமூர் பேப்பேர்ட் கையாண்டிருந்தார். தென்னாபிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவர், 1967இல் வோலி பியூர்செய்க், சிந்தியா சொலமன் ஆகியோருடன் இணைந்து சிறுவர்களுக்கென 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கியவர். பின்னர் 2006ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெனட் விங் எழுதிய ஒரு குறுங்கட்டுரை இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றைப் போன்று இதுவும் ஒவ்வொரு பிள்ளையும் பெறவேண்டிய அடிப்படைத் திறன் என்பது அவரது வாதமாகும்.

இத்திறனைப் பொதுவாக நான்கு கூறுகளாகப் பிரித்து விளக்குவர். பெரியதொரு பிரச்சினையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளல் முதலாவது கூறாகும். அப்பகுதிகளிடையே மீண்டும் மீண்டும் வரும் கோலங்களை இனங்காணல் இரண்டாவது. தேவையற்ற விபரங்களை நீக்கிப் பொதுமையான அம்சத்தை மட்டும் பிரித்தெடுத்தல் மூன்றாவது. இன்னொருவர் ஐயமின்றிப் பின்பற்றக்கூடிய விதத்தில் தீர்வைப் படிமுறையாக எழுதுதல் நான்காவது. இவற்றோடு, எழுதிய படிமுறை சரியாகச் செயற்படுகின்றதா எனப் பரிசோதித்து, வழு எங்குள்ளது எனக் கண்டு திருத்துவதும் சேர்ந்துகொள்கின்றது. இவற்றுள் எதுவும் கணினித் திரையின் முன்னால் அமர்ந்துதான் செய்யப்பட வேண்டும் என்பதில்லை. மறுபுறத்தில், நாள் முழுவதும் கணினியில் தட்டச்சுச் செய்பவரோ கையடக்கத் தொலைபேசியில் விளையாடும் பிள்ளையோ இத்திறனைத் தானாகவே பெற்றுவிடுவதுமில்லை.

கணிதத்தின் பழைய சொத்து

படிமுறையாகத் தீர்வு எழுதும் முறை கணினியோடு பிறந்ததன்று. கணினி மொழிகளில் இன்று வழங்கும் 'அல்கோரிதம்' என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி என்ற அறிஞரின் பெயரிலிருந்து தோன்றியதாகும். இந்திய எண்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டபோது, அவரது பெயரின் இலத்தீன் வடிவமே அக்கணக்கீட்டு முறைக்கும் பெயராயிற்று. அவரது மற்றொரு நூலின் தலைப்பிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லே அட்சரகணிதத்தின் ஆங்கிலப் பெயருக்கு மூலமாகும். கலீபா அல்-மஃமூன் காலத்தில் எழுதப்பட்ட அந்நூலின் ஒரு பகுதி, வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளை எவ்வாறு தீர்ப்பது என்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அன்றாட வாழ்வில் மக்கள் எதிர்கொண்ட ஒரு சிக்கலை, எவரும் பின்பற்றத்தக்க ஒழுங்கான படிகளாக மாற்றும் முயற்சியே அது.

அந்நூலில் வரும் புகழ்பெற்ற கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகின்றது, அவ்வெண் யாது? அல்-குவாரிஸ்மி குறியீடுகள் எதனையும் பயன்படுத்தாது, சொற்களிலேயே வழியைக் கூறுகின்றார். பத்தைப் பாதியாக்கினால் 5. அதனை வர்க்கித்தால் 25. அதனோடு 39ஐக் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து முன்னைய பாதியாகிய 5ஐக் கழித்தால் 3. அதுவே விடை. மூன்றின் வர்க்கம் 9, பத்து மடங்கு 30, கூட்டுத்தொகை 39. இவ்வழியைக் கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. ஒரு சதுரத்தையும் அதன் பக்கங்களில் ஒட்டிய செவ்வகங்களையும் வரைந்து, இவ்வழி ஏன் சரியாகின்றது என்பதையும் காட்டினார். படிமுறை ஒருபுறமும் அதற்கான நியாயம் மறுபுறமுமாக இரண்டும் அங்கு இணைந்தே இருந்தன. எமது வகுப்பறைகளில் வர்க்கபூர்த்தி முறை கற்பிக்கப்படும்போது பெரும்பாலும் படிமுறை மட்டுமே எஞ்சி, நியாயம் கைவிடப்பட்டு விடுகின்றது.

வழிமுறைகளை ஒப்பிடும் வகுப்பு

கீழ்த்தரங்களில் கற்பிக்கப்படும் 'பொதுக் காரணிகளுட் பெரியது' என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். இரு எண்களையும் முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதி, பொதுவானவற்றைத் தெரிவு செய்யுமாறு மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. 24, 36 போன்ற எண்களுக்கு இம்முறை இலகுவானது. ஆனால் 391, 299 ஆகிய இரு எண்களைக் கொடுத்துப் பார்த்தால் நிலைமை வேறாகும். அவை இரண்டாலோ மூன்றாலோ ஐந்தாலோ ஏழாலோ பதினொன்றாலோ வகுபடமாட்டா. மாணவர் பலர் இவ்விடத்தில் நின்றுவிடுவர். பொதுக் காரணி எதுவுமில்லை என்று முடிவு கட்டுவோரும் இருப்பர்.

இப்போது ஆசிரியர் வேறொரு வழியை முன்வைக்கலாம். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து மீதியைக் காண்க. பின்னர் அச்சிறிய எண்ணை அம்மீதியால் வகுக்க. மீதி பூச்சியமாகும் வரை இதனைத் தொடர்க. இறுதியாக எதனால் வகுத்தீரோ அதுவே விடை. 391ஐ 299ஆல் வகுத்தால் மீதி 92. 299ஐ 92ஆல் வகுத்தால் மீதி 23. 92ஐ 23ஆல் வகுத்தால் மீதியில்லை. ஆகவே விடை 23 ஆகும். மூன்றே வகுத்தல்களில் கணக்கு முடிந்துவிட்டது. கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட்டின் நூலில் இடம்பெறும் இவ்வழி இன்றும் கணினிச் செய்நிரல்களில் பயன்படுத்தப்பட்டு வருகின்றது.

இத்துடன் பாடத்தை முடித்துவிட்டால் மாணவருக்கு மனனம் செய்ய இன்னொரு வழிமுறை சேர்ந்தது தவிர வேறு பயனில்லை. இதனைத் தொடர்ந்து ஆசிரியர் எழுப்பும் வினாக்களிலேயே கணிப்பீட்டுச் சிந்தனை தொடங்குகின்றது. இரு முறைகளுள் எது குறைந்த படிகளில் முடிகின்றது? சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுக்கத் தொடங்கினால் என்ன நிகழும்? இச்செயல் என்றாவது ஒரு கட்டத்தில் நின்றே தீரும் என்று எவ்வாறு கூறலாம்? ஒவ்வொரு தடவையும் மீதி முன்னதைவிடச் சிறியதாகி வருவதால் அது முடிவின்றித் தொடர முடியாது என்பதை ஒரு மாணவி தன் சொற்களில் கூறுவாளாயின், அவள் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத்தில் கற்பிக்கப்படும் ஒரு முக்கிய கருத்தைப் பன்னிரண்டு வயதிலேயே தொட்டுவிட்டாள் என்பதே பொருள்.

கோலங்களும் பொதுமைப்படுத்தலும்

எண் கோலங்கள் எமது கணிதப் பாடநூல்களில் ஏற்கனவே உள்ளன. தீக்குச்சிகளால் ஒரு சதுரம் அமைக்க நான்கு குச்சிகள் தேவை. அதன் பக்கத்தில் ஒட்டியவாறு இன்னொரு சதுரம் அமைத்தால் ஏழு குச்சிகள், மூன்றாவதுக்குப் பத்து. நூறு சதுரங்களுக்கு எத்தனை? இவ்வினாவுக்கு நூறு சதுரங்களையும் வரைந்து எண்ண முற்படும் மாணவனும் உண்டு. முதற் சதுரத்துக்கு நான்கு, எஞ்சிய 99க்கும் மும்மூன்று என்று கணிப்பவனும் உண்டு. தொடக்கத்தில் ஒரு குச்சியை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று குச்சிகள் எனக் கருதுபவனும் உண்டு. மூவருக்கும் விடை 301 தான். மூவரும் கண்ட வழிகள் வெவ்வேறானவை. விடை சரி என்று அடையாளமிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குச் செல்லும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைக் காணமாட்டார். மூவரையும் கரும்பலகைக்கு அழைத்து, தத்தம் வழியை விளக்குமாறு கேட்கும் ஆசிரியரின் வகுப்பிலோ, ஒரே உண்மையை வெவ்வேறு விதமாகப் பொதுமைப்படுத்தலாம் என்பதை முழு வகுப்பும் அறிந்துகொள்கின்றது.

துவித எண்களும் அவ்வாறே. தரம் 9 கணிதத்தில் இடம்பெறும் இப்பாடம், பத்தடி எண்ணை இரண்டால் வகுத்து வகுத்து மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதும் ஒரு பொறிமுறையாகவே பல மாணவர் மனதில் பதிந்துள்ளது. இதனை ஒரு விளையாட்டாகத் தொடங்கிப் பார்க்கலாம். 0 முதல் 127 வரையான எண்களுள் ஒன்றை ஒரு மாணவன் மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்ற பதில்களை மட்டும் பெற்று ஏனையோர் அதனைக் கண்டறிய வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்டுச் சென்றால் நூற்றுக்கு மேற்பட்ட வினாக்கள் தேவைப்படலாம். எஞ்சியுள்ள எண்களை ஒவ்வொரு தடவையும் சரிபாதியாகப் பிரித்துக் கேட்டால் ஏழு வினாக்கள் போதும்.

நினைத்த எண் 83 என்று கொள்வோம். 64 அல்லது அதற்கு மேலா? ஆம். 96 அல்லது அதற்கு மேலா? இல்லை. 80 அல்லது அதற்கு மேலா? ஆம். 88? இல்லை. 84? இல்லை. 82? ஆம். 83? ஆம். இப்பதில்களில் 'ஆம்' என்பதற்கு 1 எனவும் 'இல்லை' என்பதற்கு 0 எனவும் வரிசையாக எழுதினால் 1010011 என வரும். அதுவே 83இன் துவித வடிவமாகும். 64, 16, 2, 1 ஆகியவற்றைக் கூட்டி இதனைச் சரிபார்க்கலாம். துவித எண் என்பது ஏழு வினாக்களுக்கான ஏழு பதில்களே என்று உணர்ந்த மாணவனுக்கு, கணினி ஏன் இரண்டே இலக்கங்களோடு செயற்படுகின்றது என்பதும் ஓரளவு விளங்கிவிடும். ஆயிரம் எண்களுக்கும் பத்து வினாக்களே போதும் என்ற உண்மை, பின்னர் அவன் கற்கவிருக்கும் மடக்கைக்கும் ஒரு வாசலாக அமையும்.

விளையாட்டு மைதானத்தில் ஓர் ஆமை

பேப்பேர்ட் குழுவினர் உருவாக்கிய லோகோ மொழி பின்னர் 'ஆமை' ஒன்றினாலேயே புகழ்பெற்றது. முன்னே செல், வலப்பக்கம் திரும்பு போன்ற கட்டளைகளுக்கேற்ப ஆமை நகர்ந்து கோடு வரையும். ஆமை செல்லும் பாதையைத் தம் உடலாலேயே நடந்து பார்க்குமாறு சிறுவர்களை பேப்பேர்ட் ஊக்குவித்தார். கணினி இல்லாத பாடசாலையில் இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதற்குத் தடையேதுமில்லை.

ஒழுங்கான ஐங்கோணி ஒன்றை மைதானத்தில் நடந்து வரைவதற்கான கட்டளைகளை எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். ஐங்கோணியின் அகக்கோணம் 108 பாகை என்று படித்திருப்பதால், 'ஐந்து அடி முன்னே செல்க. 108 பாகை வலப்பக்கம் திரும்புக. இதனை ஐந்து தடவை செய்க' என்றே பலர் எழுதுவர். அக்கட்டளைப்படி நடப்பவர் ஐங்கோணியை வரையமாட்டார். தொடங்கிய இடத்துக்கும் திரும்பி வரமாட்டார். தவறு எங்கே என்று தேடும்போதுதான், நடப்பவர் திரும்புவது புறக்கோணத்தின் அளவு என்பதும், அது 72 பாகை என்பதும் தெரியவரும். ஒரு முழுச் சுற்று 360 பாகை என்பதால் அதனைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் திரும்பும் அளவு கிடைக்கும் என்ற பொது விதியை மாணவர் தாமே கண்டடைவர். புறக்கோணங்களின் கூட்டுத்தொகை பற்றிய தேற்றம் இவ்வாறு காலால் நடந்து கற்கப்படும்போது எளிதில் மறக்கப்படுவதில்லை. தவறான கட்டளை இங்கு தண்டனைக்குரிய குற்றமாகக் கொள்ளப்படாமல், திருத்தப்பட வேண்டிய வழுவாகக் கருதப்படுவது இன்னொரு பயனாகும். கணிதத்துக்கு அஞ்சும் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு மிகவும் பெரியது.

நிபந்தனைகளைக் கையாள்வதற்கு வீட்டு மின்பட்டியல் நல்லதோர் உதாரணமாகும். முதல் 30 அலகுகளுக்கு அலகொன்றுக்கு 10 ரூபாவும் அதற்கு மேற்பட்ட அலகுகளுக்கு 20 ரூபாவும் அறவிடப்படுவதாக ஒரு கற்பனைக் கணக்கை அமைத்துக்கொள்வோம். 40 அலகுகளை 20ஆல் பெருக்கி 800 ரூபா என்று எழுதும் மாணவனிடம், விடை பிழை என்று கூறுவதைவிட, 30 அலகுகளுக்கும் 31 அலகுகளுக்கும் அவனது முறைப்படியே கணித்துப் பார்க்குமாறு கூறுவது மேலானது. ஒரேயொரு அலகு கூடியவுடன் கட்டணம் 300 ரூபாவிலிருந்து 620 ரூபாவாகத் தாவுவதைக் கண்டதும், தனது படிமுறையில் குறையிருப்பதை அவனே உணர்ந்துகொள்வான். எல்லை மதிப்புகளில் ஒரு படிமுறையைச் சோதித்துப் பார்க்கும் இப்பழக்கமே செய்நிரலாளர்கள் தினமும் கைக்கொள்ளும் பழக்கமாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

இத்துறையில் பல நாடுகள் ஏற்கனவே அடியெடுத்து வைத்துள்ளன. இங்கிலாந்து 2014ஆம் ஆண்டில் கணிமையைத் தனிப் பாடமாக ஆரம்பத் தரங்களிலிருந்தே அறிமுகப்படுத்தியது. பின்லாந்து 2016இல் நடைமுறைக்கு வந்த பாடவிதானத்தில் செய்நிரலாக்கத்தைக் கணிதத்தோடு இணைத்தது. சுவீடன் 2018இல் அதனைக் கணிதப் பாடத்தின் அட்சரகணிதப் பகுதியிலேயே சேர்த்தது. மாணவர் அடைவை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா மதிப்பீட்டின் 2022ஆம் ஆண்டுக் கணிதச் சட்டகத்திலும் கணிப்பீட்டுச் சிந்தனைக்கு இடமளிக்கப்பட்டது.

ஆயினும், செய்நிரலாக்கத்தைக் கற்பித்துவிட்டால் கணித அறிவு தானாகவே உயர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறாகும். 1984இல் நியூயோர்க் நகரின் பாங்க் ஸ்ட்ரீட் கல்வியியற் கல்லூரியைச் சேர்ந்த றோய் பீ, மிடியன் கேர்லண்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுகளில், லோகோ கற்ற சிறுவர்கள் ஏனைய சிறுவர்களைவிடத் திட்டமிடும் ஆற்றலில் மேம்பட்டிருக்கவில்லை எனத் தெரியவந்தது. இங்கிலாந்தில் ஒன்பது முதல் பதினொரு வயது வரையான மாணவருக்கென லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கல்வி நிறுவகம் வடிவமைத்த 'ஸ்கிறாட்ச் மெத்ஸ்' திட்டம் இரண்டாண்டு காலம் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் பரீட்சிக்கப்பட்டது. 2018இல் வெளியான மதிப்பீட்டின்படி, முதலாண்டின் இறுதியில் மாணவரது கணிப்பீட்டுச் சிந்தனை முன்னேறியிருந்தது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளிடமும் அம்முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் இரண்டாமாண்டின் இறுதியில் நடைபெற்ற பொதுக் கணிதப் பரீட்சைப் பெறுபேறுகளில் எவ்வித உயர்வும் ஏற்படவில்லை. பரீட்சை நெருங்கிய அந்த இரண்டாமாண்டில் திட்டத்தைப் பாடசாலைகள் முதலாண்டைப் போல முழுமையாக நடைமுறைப்படுத்தவில்லை என்பதும் அம்மதிப்பீட்டில் சுட்டிக்காட்டப்பட்டது.

இவ்வனுபவங்களிலிருந்து பெறத்தக்க பாடங்கள் இரண்டு. ஓரிடத்தில் கற்ற சிந்தனை முறை இன்னோரிடத்துக்குத் தானாகவே இடம்பெயர்வதில்லை; ஆசிரியர் அத்தொடர்பை வெளிப்படையாக எடுத்துக்காட்ட வேண்டும் என்பது முதலாவது. பரீட்சையின் அழுத்தம் கூடும்போது எந்தப் புதிய முயற்சியும் முதலில் கைவிடப்படும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் எமது நாட்டுக்கும் நன்கு பொருந்துவன.

எமது வகுப்பறைகளின் நிலை

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரம் வரை கணிதம் எல்லா மாணவருக்கும் கட்டாய பாடமாகும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பமோ சாதாரண தர வகுப்புகளில் விரும்பித் தெரிவு செய்யும் பாடங்களுள் ஒன்றாகவே உள்ளது. அதனைக் கற்பிக்க ஆசிரியரும் கணினியும் இல்லாத பாடசாலையில் அத்தெரிவுக்கும் இடமில்லை. ஆகவே, ஒவ்வொரு பிள்ளையையும் சென்றடையக்கூடிய வழி கணிதப் பாடமே என்பதில் ஐயமில்லை. கருவிகளை மட்டுமே நம்பியிருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதையும் அண்மைய ஆண்டுகள் உணர்த்தியுள்ளன. 2020இல் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டுக் கற்பித்தல் இணையவழிக்கு மாறியபோது, கருவியும் இணைப்பும் இல்லாத வீடுகளின் பிள்ளைகள் பின்தங்கினர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு நீடித்தபோது, கணினி இருந்த இடங்களிலும் அது பயனற்றுப் போயிற்று. மலையகத்தின் தோட்டப்புறப் பாடசாலையாயினும், வன்னியின் கிராமப் பாடசாலையாயினும், கிழக்குக் கரையோரத்தின் பாடசாலையாயினும், மின்சாரம் இல்லாத நாளிலும் தொடரக்கூடிய கல்வியே உறுதியானது.

எமது கணிதக் கற்பித்தலில் வேறொரு நெருக்கடியும் உண்டு. கடந்தகால வினாத்தாள்களில் வந்த கணக்கு வகைகளை இனங்கண்டு, அவ்வகைக்குரிய படிகளைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வதே கற்றல் என்றாகிவிட்டது. தனியார் வகுப்புகள் இதனை மேலும் வலுப்படுத்தியுள்ளன. வினாவின் தோற்றம் சற்று மாறினாலும் மாணவர் தடுமாறுவதற்கு இதுவே காரணமாகும். 2022இன் இறுதியில் சட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் மக்களிடம் வந்து சேர்ந்த பின்னர், பழகிய கணக்கைப் பழகிய படிகளில் செய்யும் திறனின் பெறுமதி மேலும் குறைந்துவிட்டது. இவ்வகை விடைகளை இன்று ஒரு தொலைபேசியே எழுதித் தந்துவிடுகின்றது. அவ்விடை சில வேளைகளில் பிழையாகவும் இருக்கின்றது. அப்படிகளுள் எது சரி, எது பிழை என்று ஆராயத் தெரிந்த மாணவனே அக்கருவியை ஆள்பவனாக இருப்பான். ஏனையோர் அது கூறுவதை அப்படியே ஏற்க வேண்டியவர்களாகவே இருப்பர்.

மொழி சார்ந்த ஒரு பயனையும் இங்கு குறிப்பிட வேண்டும். படிமுறையை இன்னொருவர் பின்பற்றும் வண்ணம் எழுதுவதற்குத் தெளிவான வசனங்கள் தேவை. 'ஆயின்', 'இல்லாவிடின்', 'வரை', 'ஒவ்வொன்றுக்கும்' போன்ற சொற்களை அவற்றின் சரியான பொருளில் கையாளத் தெரிய வேண்டும். தாய்மொழியில் இத்தெளிவைப் பெறும் மாணவன் கணிதத்தில் வசனக் கணக்குகளை விளங்கிக்கொள்வதிலும் முன்னேறுவான். பின்னர் எந்தக் கணினி மொழியைக் கற்க நேர்ந்தாலும் அதன் அடிப்படைத் தருக்கம் அவனுக்கு அந்நியமாக இராது.

செய்யக்கூடியவை

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்பது ஆசிரியர்களின் நியாயமான முறைப்பாடாகும். எனவே புதிய பாடமொன்றைச் சேர்க்குமாறு கோருவதில் பயனில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையில், ஏற்கனவே பாடநூலில் உள்ள ஒரே ஒரு கணக்கை இவ்விதமாகக் கையாளலாம். மாணவர் இருவர் இருவராக அமர வேண்டும். ஒருவர் படிமுறையை எழுதுவார். மற்றவர் அதில் எழுதப்பட்டிருப்பதை மாத்திரம், தமது அறிவைக் கொண்டு எதனையும் நிரப்பிக்கொள்ளாமல், அப்படியே செய்துகாட்டுவார். விடுபட்ட படியும் தெளிவற்ற சொல்லும் அப்போது தாமாகவே வெளிப்படும். பின்னர் இருவரும் சேர்ந்து திருத்துவர். இதற்கு ஒரு தாளும் பென்சிலும் தவிர வேறு செலவில்லை.

ஆசிரியர்களை இதற்குத் தயார்படுத்தும் பொறுப்பு தேசிய கல்வி நிறுவகத்துக்கும் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கும் வலயக் கல்வி அலுவலகங்களின் ஆசிரிய ஆலோசகர்களுக்கும் உரியதாகும். கணித ஆசிரியரையும் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியரையும் ஒரே பயிற்சிப் பட்டறையில் அமர்த்துவது நல்லதொரு தொடக்கமாக இருக்கும். கணினி வசதியுள்ள பாடசாலைகளில், கணித வகுப்பில் எழுதப்பட்ட படிமுறையை மறுநாள் கணினியில் செய்நிரலாக இயக்கிப் பார்க்கலாம். கணினி அங்கு கணிதச் சிந்தனைக்கு ஒரு பரிசோதனைக் களமாக அமையும். எழுத்து மூலமான பாடநூல்களிலும் ஆசிரியர் வழிகாட்டிகளிலும் தமிழ்க் கலைச்சொற்கள் ஒரே சீராக அமைவதும் அவசியமாகும். கணித நூலில் ஒரு சொல்லும் தொழினுட்ப நூலில் வேறொரு சொல்லும் வழங்குமாயின் மாணவர் இரண்டையும் தொடர்பற்ற விடயங்களாகவே கருதுவர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்பீட்டு முறையில் மாற்றம் வேண்டும். பரீட்சையில் கேட்கப்படாத எதனையும் எமது பாடசாலைகள் நீண்டகாலம் கற்பிக்கமாட்டா. ஒரு மாணவன் எழுதிய பிழையான படிமுறையைக் கொடுத்து, வழு எந்தப் படியில் உள்ளது, அது எந்த எண்களுக்குப் பிழையான விடையைத் தரும் என்று வினவும் ஒரு கேள்வி, தவணைப் பரீட்சைத் தாள்களிலேனும் இடம்பெறலாம். இரு வழிகளைக் காட்டி, அவற்றுள் எது சிறந்தது, ஏன் என்று கேட்கலாம். இத்தகைய வினாக்கள் இடம்பெறத் தொடங்கினால், கற்பித்தலும் அதற்கேற்ப மாறத் தொடங்கும்.

பெற்றோரின் பங்கும் சிறிதன்று. பிள்ளை கணக்குக் கொப்பியோடு வரும்போது எத்தனை புள்ளி என்று வினவுவதோடு நின்றுவிடாமல், இவ்விடையை எவ்வாறு கண்டாய், வேறு வழியிலும் காண முடியுமா என்று கேட்பதற்குப் பெற்றோர் கணிதம் அறிந்திருக்க வேண்டியதில்லை. அக்கேள்விக்குப் பொறுமையோடு செவிகொடுக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் போதுமானது. கணினிகள் எமது பாடசாலைகளுக்கு வந்து சேர வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து வலியுறுத்தப்பட வேண்டியதே. அவை வந்து சேரும் நாளில் அவற்றைச் சிந்தித்துப் பயன்படுத்தக்கூடிய மாணவர் சமுதாயம் தயாராக இருக்க வேண்டுமாயின், அதற்கான பணியை நாளைய கணிதப் பாடவேளையிலேயே தொடங்குவது சாலச் சிறந்ததாகும்.